துயர்க்களத்திற்கு மருத்துவரை அணியப்படுத்துவோம்

(திருப்பூரில் பனியன் தொழிலாளர்களும் மாணவர்களும் மருத்துவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



போராலோ வெள்ளத்தாலோ ஆழிப்பேரலையாலோ கொள்ளை நோயாலோ ஒரு மக்கட்கூட்டம் வீடிழந்து, உறவிழந்து, உண்ண உணவும் குடிக்க நீருமின்றித் திறந்த வெளியில் நிற்கும் நிலையை மாந்தப் பேரிடர் என்கிறோம். அத்தகைய துயர்க்களத்தில் பணியாற்றுவதற்கு மருத்துவர்களை எவ்வாறு அணியப்படுத்துவது என்பதே இன்று எனக்குத் தரப்பெற்ற பொருள். பனியன் ஊரில் இப்பேச்சு எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்திற்கு விடை உங்கள் கைகளிலேயே இருக்கிறது.

2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று பரவிய பொழுது, பனியன் தைத்த இதே திருப்பூர், முகக்கவசமும் முழுவுடற் காப்புடையும் தைத்தது. துணி மாறிற்று, அளவு மாறிற்று, தைத்த கைகள் அவையேதாம். சில கிழமைகளுக்குள் ஓர் ஊரின் தொழிலே திசை திரும்பிற்று. இது பெருமைக்குரிய செய்தி. ஆனால், தோழர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். காப்புடையைச் சில கிழமைகளில் தைத்துவிட்டோம். அக்காப்புடையை உடுத்திக்கொண்டு நோயர் நடுவில் போய் நிற்கும் மருத்துவரைச் சில கிழமைகளில் தைத்தெடுக்க முடியுமா? முடியாது. அவரை அமைதிக் காலத்திலேயே, ஆண்டுக் கணக்கில், பொறுமையாக உருவாக்கியிருத்தல் வேண்டும். பேரிடர் வந்தபின் மருத்துவரைத் தேடுவது, மழை கொட்டும்பொழுது கூரைக்கு ஓலை முடையப் போவதை ஒக்கும். அதனினும் முதன்மையான ஒன்றுண்டு. துன்புறும் மக்களின் மொழியறியாத மருத்துவர் எத்துணைக் கற்றவராயினும் பாதி மருத்துவரே. இவ்விரண்டையும் நிறுவுவதே என் நோக்கம்.

பேரிடர் நம் வாயிலுக்கு வராது என்று எவரும் இறுமாந்திருக்க வேண்டா. 2011 நவம்பரில் பெய்த பெருமழையில் நொய்யலும் அதனோடு கலக்கும் ஓடைகளும் பெருகி இந்நகரின் தாழ்நிலக் குடியிருப்புகளுக்குள் புகுந்தன. வீடுகள் போயின, உயிர்களும் போயின. 2020 பிப்பிரவரி 20ஆம் நாள் விடியுமுன், பெங்களூரிலிருந்து எறணாகுளம் சென்ற கேரள அரசுப் பேருந்தின் மீது அவினாசிக்கு அருகில் சரக்குந்து மோதி 19 பேர் மாண்டனர். ஒரே நொடியில், ஒரே இடத்தில், இத்துணைப் பேர்! இவையெல்லாம் சிறு மாதிரிகள். வெள்ளம் பத்து மடங்கு பெருகினால் என்னாகும்? சாயப்பட்டறை ஒன்றில் நச்சுவளி கசிந்தால் என்னாகும்?

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2008இல் 108 மருத்துவ ஊர்தி தமிழகத்தில் ஓடத் தொடங்கியது. ஊறுபட்டவர்க்கு முதல் 48 மணி நேர மருத்துவத்தைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டம் 2021 திசம்பரில் வந்தது. 2022 சனவரியில் இத்திருப்பூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. அவசர மருத்துவம் என்று பிறர் சொல்வதும், விரைவு மருத்துவம் என்று நாம் சொல்வதுமாகிய துறை, இந்தியாவில் தனி மேற்பட்டத் துறையாக ஏற்கப்பெற்றதே 2009இல்தான். இளைய துறை, ஆயினும் வளரும் துறை. ஆனால் அத்துறையினர் கற்பதெல்லாம், கட்டடம் நிமிர்ந்து நிற்கும்பொழுது, மின்னோட்டம் இருக்கும்பொழுது, குழாயில் உயிர்வளி வரும்பொழுது, ஒரு நோயரைச் சுற்றி ஐவர் நிற்கும்பொழுது செய்யும் மருத்துவம். கட்டடமே இடிந்தபின் செய்ய வேண்டிய மருத்துவத்தை எவர் கற்பிக்கின்றார்?

நான்கு கால்களும் ஒடியும் நேரம்

திருவள்ளுவப் பேராசான் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துக் காட்டினார். கட்டிலுக்கு நான்கு கால்கள் போல மருத்துவத்திற்கும் நான்கு கால்கள். இன்றைய அறிவியல் நோக்கிலும் இவ்வகுப்பில் குறை காண இயலாது. பேரிடர் என்பது இந்நான்கு கால்களும் ஒருசேர ஒடியும் நேரம். நோயுற்றவர் ஒருவர் அல்லர், ஓராயிரவர். மருத்துவரோ ஒருவர் இருவர். மருந்து தீர்ந்துவிட்டது. உடனிருந்து உதவ வேண்டியவரும் காயம்பட்டுக் கிடக்கின்றார். எனவே அணியப்படுத்துதல் என்பதும் இந்நான்கையும் பற்றியதாகவே இருத்தல் வேண்டும்.

முதலில் நோயுற்றவரைப் பார்ப்போம். அமைதிக் காலத்தில் எவர் நிலை மிகக் கொடிதோ அவர்க்கு இருப்பதனைத்தையும் கொடுத்துப் போராடுகிறோம். பேரிடரில் அம்முறை பலரைக் கொன்றுவிடும். பிழைக்க வழியில்லாத ஒருவர்மேல் இரண்டு மணி நேரம் செலவிட்டால், குருதி வடிந்துகொண்டிருக்கும் பதின்மர் அதற்குள் மாள்வர். ஆகவே வந்தவரை வகைப்படுத்த வேண்டும். உடனே பார்த்தால் பிழைப்பவர்க்குச் சிவப்பு அட்டை. சிறிது பொறுக்கக் கூடியவர்க்கு மஞ்சள். நடக்கக் கூடியவர்க்குப் பச்சை. இறந்தவர்க்கும் காப்பாற்ற இயலாதவர்க்கும் கருப்பு. நெப்போலியனின் படை மருத்துவர் இலாரே, படைத்தலைவனா கடைநிலை வீரனா என்று பாராமல், காயத்தின் கடுமை ஒன்றையே பார்த்து முறைவைத்தார். அங்கிருந்து வளர்ந்ததே இம்முறை. கருப்பு அட்டையை ஒரு குழந்தையின் கழுத்தில் கட்டும் கை நடுங்காதா? நடுங்கும். அந்நடுக்கத்தை வகுப்பறையில், ஒத்திகையில், மூத்தோர் துணையோடு முன்கூட்டியே பட்டுத் தெளிந்தவர்தாம் களத்தில் மயங்காமல் நிற்பார்.

ஏதிலியர் கூடாரத்தில் மருத்துவர் கையில் அறுவைக் கத்திக்கு முன்பு இருக்க வேண்டியது எண்ணிக்கைச் சுவடி. பதினாயிரம் பேர் கொண்ட கூட்டத்தில் நாளொன்றுக்கு ஒருவர்க்கு மேல் இறந்தால் அது நெருக்கடி நிலை என்பது உலகோர் ஏற்ற அளவு. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 இலிட்டர் நீர் வேண்டும். 20 பேருக்கு ஒரு கழிப்பிடமாவது வேண்டும். குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி முதற்கண் வேண்டும். வாளும் குண்டும் கொல்வதைவிட, கூடாரத்தில் கழிச்சலும் அம்மையும் கொல்வது பலவிடங்களில் மிகுதி. கிணற்றையும் கழிப்பிடத்தையும் பார்க்காமல் காயத்தை மட்டும் பார்ப்பவர் பேரிடர் மருத்துவர் ஆகார்.

குறைந்ததைக் கொண்டு நிறைந்ததைச் செய்தல்

இரண்டாவது கால் மருந்து. 1971ஆம் ஆண்டு வங்காளப் போரின்பொழுது எல்லை கடந்து வந்த ஏதிலியர் பன்காவ் என்னும் ஊரில் நிறைந்தனர். கக்கலும் கழிச்சலுமாகிய காலரா நோய் தலைவிரித்தாடியது. நாளத்தில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனபீசு, உப்பும் சருக்கரையும் சோடா உப்பும் அளந்து கலந்த நீரை வாய்வழியே புகட்டச் செய்தார். புகட்டியவர் யார்? தாயர், உடன்பிறந்தார், அண்டையில் கிடந்தவர். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நூற்றுக்கு நான்கிற்கும் கீழே இறங்கிற்று. பின்னாளில் உலகெங்கும் கோடிக்கணக்கான குழந்தைகளைக் காத்த முறை, அரண்மனை போன்ற ஆய்வுக்கூடத்திலன்றி, சேறு படிந்த கூடாரத்தில் தன் மதிப்பை நிலைநாட்டியது. அம்மருத்துவர் அம்மக்களின் மொழியைப் பேசினார். எளிய சொல்லால் தாய்க்குச் சொல்லிக் கொடுக்க அவரால் முடிந்தது. இதனை நெஞ்சில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருகிறேன்.

இங்குத் தையற்பொறியின்முன் வாழ்நாளைக் கழிக்கும் தோழர் பலர் இருக்கின்றீர்கள். உங்களுக்கு விளங்கும் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். கிழிந்ததைக் கண்டால் உடனே தைக்க உங்கள் கை பரபரக்கும். பழக்கமில்லா மருத்துவரின் கையும் அவ்வாறே பரபரக்கும். ஆனால் சேறும் மண்ணும் படிந்த காயத்தை உடனே தைத்து மூடினால், அழுக்கை உள்ளே வைத்துத் தைத்ததாகும். சீழ்ப்பிடித்து உறுப்பையே இழக்க நேரும். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் தாய்லாந்து மருத்துவமனைகளில் இப்பாடத்தைக் கசப்பாகக் கற்றனர். கழுவி, இறந்த தசையை நீக்கி, திறந்தே விட்டுக் கட்டி, நான்கைந்து நாள் கழித்துத் தூய்மையானபின் தைப்பதே போர்க்கள அறுவையின் விதி. நகரத்து மருத்துவமனையில் நாள்தோறும் செய்வதற்கு இது நேர்மாறு. எனவேதான் சொல்கிறேன்: நல்ல மருத்துவராய் இருப்பது மட்டும் போதாது, இக்களத்திற்கென்று கற்றிருத்தல் வேண்டும்.

வன்னி கற்பித்தது

இனி, நம் இனத்தின் நெஞ்சில் ஆறாப் புண்ணாய் நிற்கும் களத்திற்கு வருகிறேன். 2008 செப்தம்பரில், இலங்கை அரசு சொன்னபடி, ஐ.நா. அமைப்பின் அயல்நாட்டுப் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். போகாதீர் என்று மக்கள் வாயிலில் நின்று கெஞ்சினர், அவர்கள் போய்விட்டனர். எஞ்சியவர்கள் யார்? அம்மக்களின் மொழியே தம் மொழியாய்ப் பேசிய அரசு மருத்துவர்கள். கிளிநொச்சி மாவட்ட நலப்பணி இயக்குநர் தங்கமுத்து சத்தியமூர்த்தி, முல்லைத்தீவு மாவட்ட இயக்குநர் துரைராசா வரதராசா, மருத்துவர் சண்முகராசா ஆகியோரும், இவர்களோடு நின்ற செவிலியரும், பெயர் பதியப்படாத தொண்டர்களும் ஆவர்.

போர்முனை நகர நகர, மருத்துவமனையும் நகர்ந்தது. கிளிநொச்சி, தருமபுரம், உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வோர் இடத்திலும் கட்டில்களை இழந்து, கருவிகளை இழந்து, பள்ளிக்கூடக் கட்டடத்தையே மருத்துவமனையாக்கினர். உப்புநீர்ப் பைகள் மரக்கிளைகளில் தொங்கின. மயக்க மருந்து போதவில்லை. வன்னியிலிருந்த மருத்துவமனைகள் அனைத்தும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின என்றும், அவை இருந்த இடங்களை அரசு நன்கு அறிந்திருந்தது என்றும் 2011இல் வெளிவந்த ஐ.நா. வல்லுநர் குழு அறிக்கை பதிவு செய்தது. கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதும் அவ்வறிக்கையின் கூற்றே. அந்த 2009ஆம் ஆண்டு (தி.பி. 2040) பிப்பிரவரி முதல் மே 9 வரை செஞ்சிலுவைக் குழு கப்பல் வழியே நோயரும் துணைவந்தோருமாக ஏறத்தாழ 14,000 பேரை வெளிக்கொணர்ந்தது. அதன்பின் கப்பலும் கரைசேர முடியவில்லை.

இவ்வரலாற்றைக் கண்ணீருக்காக மட்டும் நான் சொல்லவில்லை. கண்ணீர் நம்மிடம் நிறையவே உண்டு, பாடம்தான் குறைவு. மூன்று பாடங்களைச் சொல்கிறேன்.

முதற்பாடம், எண்ணிக்கையே உயிர். முற்றுகைக்குள் இருந்தோர் 70,000 பேரே என்று கொழும்பு அரசு சொல்லிற்று. களத்திலிருந்த அலுவலர்களோ மூன்று இலக்கத்திற்கு மேல் என்றனர். போர் முடிந்தபின் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டோர் மட்டும் 2,80,000 பேருக்கு மேல்! தலைக்கணக்கைக் குறைத்துச் சொன்னால் உணவும் மருந்தும் தாமே குறையும். ஒரு பொய்யான எண், குண்டைவிடப் பலரைக் கொல்லும். ஆதலின் மக்கள்தொகையையும் காயத்தையும் சாவையும் நாள்தோறும் எண்ணி எழுதிக் காக்கும் பயிற்சி மருத்துவர்க்கு வேண்டும்.

இரண்டாம் பாடம், மருத்துவர் சான்றாளரும் ஆவார். அவ்வெண்ணிக்கைகளை உலகுக்குச் சொன்ன மருத்துவர்கள் 2009 மே நடுவில் சிறைப்படுத்தப்பட்டனர். சூலை 8ஆம் நாள், காவலில் இருந்த நிலையிலேயே செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டுத் தாம் முன்பு சொன்னவை மிகையென்று சொன்னார்கள். காவலில் உள்ளவரின் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதை நீங்களே சீர்தூக்கிக் கொள்ளுங்கள். 1949இன் செனீவா ஒப்பந்தங்கள் காயம்பட்டவரையும் அவரைப் பேணுவோரையும் காக்கச் சொல்கின்றன. மருத்துவ அறத்தின்படி பணிசெய்தமைக்காக எவரையும் ஒறுக்கலாகாது என்று 1977இன் துணை ஒப்பந்தங்கள் தெளிவாகவே சொல்கின்றன. அத்துணை ஒப்பந்தங்களில் இலங்கையும் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. எத்தனை மருத்துவக் கல்லூரிகளில் இச்செய்தி மாணவர்க்குச் சொல்லப்படுகிறது? தம்மைக் காக்கும் சட்டம் எது, காவாத இடம் எது என்று அறியாமல் ஓர் இளம் மருத்துவரைக் களத்திற்கு அனுப்புவது, கவசமின்றிப் போருக்கு அனுப்புவதாகும்.

மூன்றாம் பாடமே தலையாயது. அயலார் போனபின் நிற்பவர் அம்மண்ணின் மருத்துவரே. நிற்பதற்கு அவர்க்கு அறிவும் அன்பும் இருந்தன. ஆனால் ஒரு மருத்துவமனையை மீண்டும் மீண்டும் இடம்பெயர்த்து நடத்துவது எப்படி என்பதை அவர்க்கு எவரும் முன்னரே கற்பித்ததில்லை. பட்டறிவால், உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றார்கள். அடுத்த தலைமுறையும் அவ்விலையைக் கொடுக்க வேண்டுமா?

நல்லெண்ணம் மட்டும் போதாது

மூன்றாவது காலாகிய மருத்துவரைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். 2010 சனவரியில் எயிட்டி நாட்டில் நிலநடுக்கம் வந்தபொழுது, உலகெங்கிலுமிருந்து மருத்துவக் குழுக்கள் பறந்து சென்றன. பலர் அரும்பணி ஆற்றினர். ஆனால் சிலர் தமக்கு வேண்டிய நீரையும் உணவையும் உறையுளையும்கூட எடுத்துச் செல்லாமல், துன்புற்ற மக்களின் மேலேயே சுமையாய் இறங்கினர். உறுப்பை வெட்டியவர், மறுவாழ்வுக்கு வழி வையாமல் ஊர் திரும்பினர். இக்குறை கண்டே உலக நலவாழ்வு அமைப்பு 2013இல் குழுக்களுக்கு வரம்பு வகுத்தது. முதல் வகைக் குழு நாளொன்றுக்குக் குறைந்தது 100 புறநோயரைப் பார்க்க வல்லதாயிருத்தல் வேண்டும். இரண்டாம் வகைக் குழு குறைந்தது 20 படுக்கைகளோடு, நாளொன்றுக்கு 7 பெரிய அறுவைகளோ 15 சிறிய அறுவைகளோ செய்ய வல்லதாயிருத்தல் வேண்டும். மூன்றாம் வகை, கடிய நோயரை ஏற்கும் பெருமருத்துவமனை. எவ்வகையாயினும் தமக்கு வேண்டியதைத் தாமே சுமந்து செல்லல் வேண்டும்.

இதன் உட்பொருள் என்ன? தொண்டு செய்யும் விருப்பம் ஒரு தகுதியன்று. அது தொடக்கம் மட்டுமே. மயக்க மருந்துப் பொறி இல்லாத இடத்தில் கேட்டமைன் என்னும் மருந்தால் மூச்சு நிற்காமல் வலியடக்கி அறுவை செய்யக் கற்றல் வேண்டும். ஒரே அறையில் மகப்பேறும் முறிவும் தீப்புண்ணும் பார்க்கக் கற்றல் வேண்டும். உறங்காமல் பணிசெய்து, காப்பாற்ற முடியாதவர் முகங்களை நெஞ்சில் சுமந்து, உள்ளம் உடைந்துபோகாமல் ஒருவரையொருவர் தாங்கவும் கற்றல் வேண்டும். இவையெல்லாம் ஒரு நூலைப் படித்துத் தேர்வெழுதி வருவன அல்ல, ஒத்திகையால் வருவன.

மொழியே முதல் மருந்து

நான்காவது கால், உடனிருந்து உதவுவோர். இங்குத்தான் நம் மொழி வினா எழுகிறது. வங்காளத்தில் உப்புநீரைப் புகட்டிய தாயைச் சற்றுமுன் சொன்னேன். அத்தாயிடம் அவளறியா மொழியில் அளவு சொல்லியிருந்தால் அம்முறை வென்றிருக்குமா? வலி எங்கே, எத்தனை நாளாய்க் கழிச்சல், கருவுற்று எத்தனை திங்கள் என்று கேட்பதற்கு மொழிபெயர்ப்பாளரைத் தேடும் நேரத்தில் உயிர் போய்விடும்.

தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா என்று இன்றும் சிலர் வாய்கூசாமல் கேட்கின்றனர். முடியுமா என்பதன்று வினா. முன்னரே முடித்துக் காட்டப்பெற்றது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். ஏன் மாறினார்? ஆங்கிலத்தில் கற்றவர் அரசுப் பணியை நாடி ஊரைவிட்டுப் போய்விடுவர். தமிழில் கற்றவரே ஊரில் தங்கி ஊரார்க்கு மருத்துவம் பார்ப்பர் என்று அவர் கண்டார். கொள்ளை நோய் அடுத்தடுத்துத் தாக்கிய அந்நாளைய யாழ்ப்பாணத்தில் அவர் உருவாக்கிய மருத்துவர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அறுவை மருத்துவம் பற்றிய 'இரண வைத்தியம்' 1867இல் வெளிவந்தது. அவர்தம் நூல்களில் வடசொற் கலப்பு மிகுதி என்பது உண்மைதான். அவற்றை இன்று நல்ல தமிழில் திருத்தி எழுதுவது நம் கடன். ஆனால் கடல் கடந்து வந்த ஒருவர்க்கு இருந்த தெளிவு, இம்மண்ணில் பிறந்த நம் கல்வியாளர்க்கு இன்னும் வரவில்லையே என்பதை எண்ணுங்கால் நெஞ்சு கொதிக்கிறது. 2022 அத்தோபரில் போபாலில் இந்தி மருத்துவப் பாடநூல்களைப் பெருவிழா எடுத்து வெளியிட்டனர். அவர்கள் தம் மொழிக்குச் செய்ததை நாம் குறைகூற வேண்டா. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழ் ஏறிய மேடையிலிருந்து அதனை இறக்கிவிட்டது யார் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவனாவேன். இத்திருப்பூரில் பீகார், ஒடிசா, சார்க்கண்டு, வங்காளம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்த உழைப்பாளர் பெருந்தொகையினர் வாழ்கின்றனர். 2020இல் ஊரடங்கின்பொழுது அவர்கள் பட்ட பாட்டை நீங்கள் கண்ணாரக் கண்டீர்கள். நாளை வெள்ளமோ தீயோ வந்தால் அவர்களும் நம்மோடு கிடப்பர். அன்று அவர்தம் மொழியில் இரண்டு சொல் கேட்க ஆளில்லையாயின், மாத்தளனில் நம் மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையின் சிறு நிழலை நாம் அவர்க்கு இழைத்தவராவோம். இந்தித் திணிப்பை நாம் எதிர்க்கிறோம். இந்தி பேசும் நோயரை அல்ல. ஒவ்வொருவர்க்கும் தம் தாய்மொழியில் மருத்துவம் பெறும் உரிமை உண்டு என்பதே நம் கொள்கையென்றால், அக்கொள்கை நமக்கு மட்டும் உரியதாகாது. 1859இல் சோல்பரினோப் போர்க்களத்தில் இருதரப்புக் காயம்பட்டோரையும் வேறுபாடின்றிப் பேணிய ஊர்ப்பெண்களின் நெஞ்சிலிருந்துதான், துனான் கண்ட செஞ்சிலுவை எண்ணமே பிறந்தது.

செய்ய வேண்டியவை

பேசிக் கலைவதில் பயனில்லை. வேண்டுவன ஐந்து.

ஒன்று, தமிழகத்தின் மருத்துவக் கல்லூரிகள் அனைத்திலும், திருப்பூர்க் கல்லூரி முதலாக, பேரிடர் மருத்துவம் தமிழிலேயே கற்பிக்கப்பெறும் ஒரு கட்டாயப் பாடமாதல் வேண்டும். வகைப்படுத்தல், கூடார நலவாழ்வு, போர்க்காயம், எண்ணிக்கைப் பதிவு, செனீவாச் சட்டம் ஆகியன அதன் உறுப்புகள்.

இரண்டு, ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை வேண்டும். ஒரு பனியன் ஆலையையோ சாயப்பட்டறையையோ களமாகக் கொண்டு, தொழிலாளரே காயம்பட்டவராய் நடிக்க, மாணவர் அட்டை கட்டிப் பழகட்டும்.

மூன்று, களத்தில் மடியில் வைத்துப் படிக்கத்தக்க தமிழ்க் கைந்நூல் ஒன்றும், தமிழோடு இங்கு உழைப்போர் மொழிகளிலும் எழுதிய நோயர் அட்டைகளும் வேண்டும். சொல்லாக்கப் புலவர்களும் மருத்துவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து செய்ய வேண்டிய பணி இது.

நான்கு, பயிற்சி பெற்ற மருத்துவர், செவிலியர் பெயர்ப்பட்டியல் மாவட்டந்தோறும் வேண்டும். அழைப்பு வந்தால் எவர் போவார், அவர் போனபின் இங்குள்ள நோயரை எவர் பார்ப்பார் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பெறுதல் வேண்டும்.

ஐந்தாவது உங்களைச் சார்ந்தது. 150 தொழிலாளர்க்கு ஒரு முதலுதவிப் பெட்டியும், அதனைப் பேணப் பயிற்சி பெற்ற ஒருவரும் இருத்தல் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்திருந்தது. நாளைக் காலையில் வேலைக்குப் போனதும் உங்கள் ஆலையில் அப்பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது, அதன் நாள் கடந்துவிட்டதா, பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள். குருதி பீறிடும் கையை எங்கே இறுக்கிக் கட்டுவது, கட்டிய நேரத்தை எப்படிக் குறிப்பது, ஓர் இலிட்டர் தூய நீரில் ஆறு சிறுகரண்டிச் சருக்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் கலப்பது எப்படி என்பதை ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ளுங்கள். நான்காவது காலாகிய உடனிருப்போர் நீங்கள்தாம். நீங்கள் அணியமானால் மருத்துவரின் பாதிப் பணி முடிந்தது.

மருத்துவ மாணவ இளவல்களே, உங்களுக்கு ஒரு சொல். மேற்பட்டம் பெற்று அயல்நாடு செல்ல வாய்ப்புகள் உங்களை அழைக்கும். செல்லுங்கள், கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் தமிழர் வாழும் எந்தக் கரையில் கூக்குரல் எழுந்தாலும், அக்குரலை மொழிபெயர்ப்பின்றிக் கேட்க வல்லவர் உலகில் நீங்கள் மட்டுமே என்பதை மறவாதீர்கள். 2009இல் அக்குரல் எழுந்தபொழுது, கடலுக்கு இப்பால் நாம் கூட்டம் போட்டோம், முழக்கமிட்டோம், தீக்குளித்தும் மாண்டனர் நம் இளைஞர். பயிற்சி பெற்ற ஒரு தமிழ் மருத்துவப் படை அணியமாக இருந்திருந்தால், அதனை உள்ளே விடு என்று கேட்கும் ஓர் உறுதியான கோரிக்கையேனும் நம் கையில் இருந்திருக்கும். அன்று நம் கையில் அது இல்லை. இனி இருத்தல் வேண்டும்.

மருத்துவம் தமிழாகட்டும்! தமிழ் உயிர் காக்கட்டும்! வெல்க தமிழ்!